புற்றுநோய் மருந்து செல்லுக்குள் வேறு எதைத் தொடுகிறது? எதிர்பாராத இலக்குகளைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

செல் வளர்ப்பும், ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஓரளவு கைவந்த முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக எழுதியது இது. பினாங்கில் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே, மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மாதிரி அனுப்பிவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான புரதப் பெயர்கள் நிரம்பிய எக்செல் கோப்பு திரும்பி வருகிறது. அப்புறம், "அக்கா, இதுல எது டார்கெட்?" என்ற கேள்வி. அந்தக் கோப்பு மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. மலிவான சோதனைகளை முன்னால் முடித்தவர்களுக்கே அது பேசும். ஆகவே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

மருந்து எந்தெந்தப் புரதங்களில் ஒட்டுகிறது என்பது ஒரு கேள்வி. அவற்றில் எது புற்றுச் செல்லைக் கொல்கிறது என்பது வேறு. எது நோயாளிக்குப் பக்கவிளைவைத் தருகிறது என்பது இன்னொன்று. மூன்றுக்கும் சோதனைகள் வேறு வேறு.

இமாடினிப் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரத்தப் புற்றை வளர்க்கும் பிசிஆர்-ஏபிஎல் கைனேஸைத் தடுப்பதற்காக உருவானது. (மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதியே கைனேஸ்.) என்கியூஓ2 என்ற, கைனேஸே அல்லாத ஒரு நொதியிலும் ஒட்டுகிறது என்று 2007இல் தெரியவந்தது. அதற்காக ரத்தப் புற்றுச் செல் சாவதற்கு என்கியூஓ2தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வெமுராஃபெனிப் கதை வேறு. அதன் இலக்கு பிராஃப் என்ற கைனேஸ். ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியில் வேலை செய்யும் ஃபெரோகெலடேஸ் நொதியிலும் அது ஒட்டுவதை 2014இல் வெப்ப முறை (7ஆம் படியில் வரும்) காட்டியது. அந்த நொதி தடைபட்டால் புரோட்டோபார்ஃபிரின் சேரும், தோல் வெயிலைத் தாங்காது. வெமுராஃபெனிப் எடுப்பவர்களுக்கு வெயில் ஒவ்வாமை வருவது முன்பே தெரிந்த விஷயம். இந்த ஒட்டுதல் புற்றுச் செல் சாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பக்கவிளைவுக்கு ஒரு காரணத்தைக் காட்டியது.

உங்கள் கேள்வி எது என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு படியிலும் எதைச் செய்வது, எதை விடுவது என்று அந்த வரிதான் தீர்மானிக்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரே ஒரு தூய சேர்மம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் பூனை மீசை இலைச் சாறு, மஞ்சள் சாறு என்று எடுத்து வந்து "இதன் இலக்கைக் கண்டுபிடிக்கணும்" என்கிற மாணவர்கள் நிறைய. பல சேர்மங்கள் கலந்த சாற்றுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. எந்த மூலக்கூறு எந்தப் புரதத்தில் ஒட்டியது என்று பிரிக்க வழி இல்லை. குர்குமின் போலத் தூய்மையாகக் கிடைப்பவையும் சிக்கல் பிடித்தவைதான். பல புரதங்களோடு வினைபுரியும், ஒளிரும், ஊடகத்தில் சிதையும். எந்தச் சோதனையிலும் ஏதோ ஒரு 'வெற்றி' காட்டும். முதல் பயிற்சிக்கு அப்படிப்பட்டதைத் தொடவே வேண்டாம்.

மருந்து வந்ததும் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி), மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டிலும் தூய்மையைப் பாருங்கள். புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, செயலற்ற இணைச் சேர்மம். மருந்தைப் போலவே வடிவம், ஆனால் செல்லைக் கொல்லாதது. இது கிடைத்தால் பாதி வேலை சுலபமாகிவிடும். இரண்டும் ஒட்டும் புரதத்தைப் பட்டியலிலிருந்து தயங்காமல் அடிக்கலாம்.

மூன்றாவது, செல் வரிசையின் அடையாளம். செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கும் எஸ்டிஆர் சோதனை செய்யுங்கள், வளர்ப்புச் செல்களில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்குப் பிசிஆர் பாருங்கள். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய செல் என்றால் இரண்டும் கட்டாயம். மைக்கோபிளாஸ்மா இருந்தால் செல்லின் வளர்சிதை மாற்றமே மாறிவிடும். பிறகு வரும் புரத அளவு எதையும் நம்ப முடியாது.

கடைசியாக, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ. தட்டின் எல்லாக் கிணறுகளிலும் (செல் வளரும் குழிகளிலும்) ஒரே சதவீதம் இருக்க வேண்டும், 0.1 சதவீதம் நல்லது. மருந்தின் செறிவு கூடக் கூட டிஎம்எஸ்ஓவும் கூடுகிற மாதிரி நீர்த்தல் போடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் நீங்கள் அளப்பது டிஎம்எஸ்ஓவின் விளைவாகவும் இருக்கலாம்.

3. அளவையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

72 மணி நேர உயிர்ப்புச் சோதனையில், மருந்தின் செறிவுக்கு எதிராகப் பிழைத்த செல்களைக் காட்டும் முழு வளைகோடு போடுங்கள். செல் பாதியாகக் குறையும் செறிவு எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் எல்லாப் புரதத்தையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

அடுத்து நோயாளியின் ரத்தத்தில் மருந்து எந்த அளவு இருக்கிறது என்று பாருங்கள். மொத்த அளவு ஏமாற்றும். வெமுராஃபெனிப் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 62 மைக்ரோகிராம் வரை போகிறது, அதாவது சுமார் 126 மைக்ரோமோலார். ஆனால் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களில் ஒட்டிக் கிடக்கிறது. கட்டற்று இருப்பது 1 மைக்ரோமோலாரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். உங்கள் ஊடகத்தில் 10 சதவீதம் சீரம்தான் இருக்கிறது. 126ஐ அப்படியே கிணற்றில் ஊற்றினால் நோயாளியின் உடலில் ஒருபோதும் நடக்காததை அளப்பீர்கள்.

நேரம் சம்பந்தமாக ஒரு விதி. ஒட்டுதலைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். 24 மணி நேரம் விட்டால் புரதங்களின் அளவே மாறிவிடும், சாகும் செல்களின் குப்பை எல்லாம் 'இலக்கு' என்று வரும்.

4. எதிர்பார்த்த இலக்கை முதலில் நீக்கிப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. மருந்துக்கு என்று சொல்லப்படும் இலக்கை, மரபணுவை வெட்டும் கருவியான கிரிஸ்பர் கொண்டு செல்லிலிருந்து நீக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுங்கள். செல் முன்போலவே செத்தால், கொல்வது வேறு ஏதோ.

2019இல் வெளியான ஓர் ஆய்வில் 10 மருந்துகளை இப்படிச் சோதித்தார்கள். சில ஏற்கெனவே நோயாளிகளிடம் பரிசோதனையில் இருந்தவை. இலக்கு இல்லாத செல்களையும் அவை பழையபடியே கொன்றன. அவற்றில் ஓடிஎஸ்964 என்பது பிபிகே கைனேஸுக்காக என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது சிடிகே11ஐத் தடுத்துக் கொண்டிருந்தது.

டிவான்டினிப்பும் அப்படித்தான். மெட் கைனேஸுக்கான மருந்து என்று வளர்க்கப்பட்டது. மெட் இல்லாத செல்லையும் கொல்வதும், செல் பிரியத் தேவையான நுண்குழல்களைக் குலைப்பதும் 2013இல் வெளியாயின. மெட் அதிகமுள்ள கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அது ஆயுளைக் கூட்டவில்லை.

செய்முறை: ஒரு மரபணுவுக்குக் குறைந்தது இரண்டு வழிகாட்டி ஆர்என்ஏ (எங்கே வெட்டுவது என்று கிரிஸ்பருக்குக் காட்டுவது) எடுங்கள். கட்டுப்பாட்டுக்கு எதையும் வெட்டாத வழிகாட்டி போதாது. ஏஏவிஎஸ்1 போன்ற பாதிப்பில்லாத இடத்தை வெட்டும் ஒன்று வேண்டும். டிஎன்ஏ வெட்டப்படுவதே செல்லுக்கு ஒரு அடி என்பதுதான் காரணம். புரதம் போய்விட்டதா என்று வெஸ்டர்னில் உறுதி செய்துவிட்டு, இரண்டு செல்களுக்கும் மருந்து வளைகோடு போடுங்கள்.

வளைகோடு வலப்பக்கம் நகர்ந்தால் அந்த இலக்குக்குப் பங்கு உண்டு. நகரவே இல்லை என்றால் எதிர்பாராத இலக்கைத் தேட உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு எச்சரிக்கை. நீக்கிய செல் மெதுவாக வளர்ந்தால் பாதிக் கொல்லும் செறிவு தானாகவே மாறும், வளர்ச்சி வேகத்துக்குத் திருத்தம் செய்யுங்கள். இலக்கு இல்லாமல் செல் பிழைக்கவே முடியாது என்றால் இந்தப் படி நடக்காது, 9ஆம் படியில் உள்ள மாற்று வழியைப் பாருங்கள்.

5. கணினியிலும் கைனேஸ் பலகையிலும் ஒரு முன்பட்டியல்

இதற்கு ஓரிரு நாள் போதும். சுவிஸ்டார்கெட்பிரெடிக்‌ஷன் போன்ற இலவசக் கருவியில் மருந்தின் வடிவத்தைக் கொடுத்தால் ஒத்த வடிவமுள்ள சேர்மங்களின் இலக்குகளைப் பட்டியலிடும். அது ஊகம் மட்டுமே. அதில் வந்த பெயரை ஆய்வேட்டில் முடிவு என்று எழுதாதீர்கள்.

மருந்து கைனேஸ் தடுப்பான் என்றால், பல தூய கைனேஸ்களில் ஒரே சமயத்தில் மருந்தைப் பார்க்கும் பலகைச் சோதனை எடுப்பது நல்லது. மனிதரில் ஐந்நூற்றுக்கும் மேல் புரத கைனேஸ்கள் உண்டு, எல்லாவற்றிலும் ஏடிபி (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் பலகையில் ஏடிபி மைக்ரோமோலார் கணக்கில் இருக்கும், உயிருள்ள செல்லில் மில்லிமோலார் கணக்கில். அதனால் பலகையில் நானோமோலாரில் தடைபட்ட கைனேஸ் செல்லுக்குள் அசையாமல் இருக்கலாம். அடுத்த படி அதற்காகத்தான்.

6. செட்சா: செல்லுக்குள் ஒட்டுகிறதா என்று சூடாக்கிப் பார்ப்பது

கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை போல, புரதம் சூட்டில் குலைந்து உறையும். மருந்து ஒட்டிய புரதம் பெரும்பாலும் கூடுதல் சூட்டைத் தாங்கும். கரைந்த நிலையில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் ஒட்டியதா இல்லையா என்று தெரியும். 2013இல் வந்த முறை. நல்ல ஆன்டிபாடியும் பிசிஆர் இயந்திரமும் இருந்தால் போதும்.

அ. செல்லுக்கு ஒரு மணி நேரம் மருந்தோ டிஎம்எஸ்ஓவோ கொடுங்கள்.

ஆ. பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி, புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்த பிபிஎஸ்ஸில் கலக்குங்கள். மருந்து சட்டென்று கழன்றுவிடும் வகை என்றால் இந்த பிபிஎஸ்ஸிலும் அதே செறிவில் மருந்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் கழுவும்போதே இலக்கைத் தொலைத்துவிடுவீர்கள்.

இ. பிசிஆர் குழாய்களில் சம அளவு பிரித்து, 37 முதல் 67 டிகிரி வரை பத்து வெப்பநிலைகளில் 3 நிமிடம் சூடாக்குங்கள்.

ஈ. அப்புறம் 3 நிமிடம் அறை வெப்பநிலை என்று செய்முறைகளில் இருக்கும். அது குளிர் நாட்டில் எழுதியது. இங்கே ஏசி நிறுத்திய இரவில் மேசை 30 டிகிரியை நெருங்கும். குழாய்களை மேசையில் வைக்காமல், இயந்திரத்திலேயே 25 டிகிரி என்று ஒரு படி சேர்த்துவிடுங்கள். இரண்டு நாள் முடிவுகளை ஒப்பிட முடிவது இதனால்தான். மாலையில் மின்னல் மழை வரும் மாதங்களில் இயந்திரத்தை யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அந்தத் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உ. திரவ நைட்ரஜனில் உறையவைத்து 25 டிகிரியில் உருக்குவதை மூன்று முறை செய்து செல்லை உடையுங்கள். 4 டிகிரியில், 20,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை மட்டும், அடியில் உள்ள படிவைத் தொடாமல் எடுங்கள்.

ஊ. வெஸ்டர்ன் ஓட்டும்போது சம கன அளவு ஏற்றுங்கள், சம புரத அளவு அல்ல. இந்த ஒரு பிழையால் வீணான பிளாட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். பிசிஏ (மொத்தப் புரதத்தை அளக்கும் சோதனை) செய்து எல்லாக் குழாயையும் 20 மைக்ரோகிராமுக்குச் சரிக்கட்டுவது கைப்பழக்கமாகிவிடுகிறது. இங்கே நீங்கள் அளக்க வேண்டியதே சூட்டில் காணாமல் போன புரதத்தை. சரிக்கட்டினால் அந்த வித்தியாசம் அழிந்துவிடும். ஆக்டினும் அதிக சூட்டில் உறையும், அதை ஏற்ற அளவின் சாட்சியாக வைக்காதீர்கள். எஸ்ஓடி1 வெப்பம் தாங்கும், அது சரியான சாட்சி.

எ. வளைகோடு நகர்ந்தால், டிஎம்எஸ்ஓவில் புரதம் பெரும்பாலும் உறைந்துவிடும் ஒரு வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டு, மருந்தின் செறிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்தச் செறிவில் ஒட்டுதல் உச்சத்தில் பாதியை எட்டுகிறது என்ற எண் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்யப்போவது இந்த எண்தான்.

எதிர்பார்த்த இலக்கில் முதலில் இதைச் செய்து நகர்வைப் பார்த்த பிறகே தெரியாத புரதங்களைத் தேடப் போங்கள். தெரிந்ததையே காட்டாத கையால் தெரியாததைத் தேடி என்ன பயன்?

7. முழுப் புரதத் தொகுதியைச் சூடாக்குவது

செட்சாவின் வெஸ்டர்ன் இடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்தால் ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களைப் பார்க்கலாம். வெமுராஃபெனிப்பின் ஃபெரோகெலடேஸ் இப்படித்தான் கிடைத்தது. பத்து வெப்பநிலைகளுக்குப் பத்து டிஎம்டி குறியீடு (எந்த மாதிரி எது என்று காட்டும் வேதி அடையாளம்) போடுவது பழைய வடிவம். பணம் குறைவு என்றால் எல்லா வெப்பநிலை மாதிரிகளையும் ஒரே குழாயில் கலந்து அளக்கும் பீசா வடிவத்தைப் பாருங்கள், அது 2019இல் வந்தது. உருகும் வளைகோடு கிடைக்காது. ஆனால் மிச்சமாகும் குறியீடுகளை மறுமாதிரிகளுக்குச் செலவிடலாம். ஆய்வு நிதி ரிங்கிட்டில் எண்ணிக் கிடைக்கும் நமக்கு அதுவே நல்ல பேரம். குறைந்தது மூன்று மறுமாதிரி வேண்டும். டிஎம்எஸ்ஓவுக்கும் டிஎம்எஸ்ஓவுக்கும் இடையிலேயே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரியாமல் மருந்தின் நகர்வை நம்ப முடியாது.

உயிருள்ள செல்லிலும் உடைத்த செல் சாற்றிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். சாற்றில் செல்லின் பொருள்கள் எல்லாம் நீர்த்துப் போயிருக்கும், சமிக்ஞைப் பாதைகள் நின்றிருக்கும். அங்கே நகரும் புரதத்தில் மருந்து நேரடியாக ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உயிருள்ள செல்லில் மட்டும் நகர்ந்தால் அது தொடர் விளைவாக இருக்கலாம், அல்லது மருந்து செல்லுக்குள் மாறி உருவான வேறு மூலக்கூறு ஒட்டியிருக்கலாம்.

சவ்வுப் புரதங்கள் பிபிஎஸ்ஸில் வெளியே வராது. சூடாக்கிய பிறகு, சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற என்பி-40ஐ 0.4 சதவீதம் சேருங்கள். சேர்க்காமல் விட்டுவிட்டு "ஏற்பிகள் எதிலும் ஒட்டவில்லை" என்று எழுதிய வரைவுகளைத் திருத்தியிருக்கிறேன்.

மாதிரியைத் தீவுக்கு வெளியே அனுப்புவதாக இருந்தால் பெப்டைடாக வெட்டி உலர்த்தி, உலர்பனியில் அனுப்புங்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கூரியரிடம் கொடுங்கள். சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்புப் பெருநாள் வாரங்களில் அனுப்பவே வேண்டாம். கிடங்கில் கிடந்து உருகிய பெட்டிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

8. மணிகளில் பிடித்துப் பார்ப்பது

மருந்தை ஒரு இணைப்புச் சங்கிலி வழியே சிறு மணிகளில் கட்டி, செல் சாற்றில் போட்டு, ஒட்டியதை இழுத்து எடுக்கும் முறை. தாலிடோமைடின் இலக்கு செரெப்ளான் என்று 2010இல் தெரியவந்தது இந்த வழியில்தான். வெப்பத்துக்கு அசையாத புரதங்களை இது பிடிக்கும் என்பதால் 7ஆம் படியின் ஓட்டையை அடைக்கும்.

சங்கிலியை மருந்தின் எந்த மூலையில் கட்டுகிறீர்கள் என்பது முக்கியம். கட்டிய பிறகும் சேர்மம் செல்லைக் கொல்கிறதா என்று மணியில் ஏற்றும் முன்பே பாருங்கள். கொல்லவில்லை என்றால் ஒட்டும் முனையையே கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

செல்லில் ஏராளமாக உள்ள டியூபுலின் (நுண்குழலின் புரதம்), ஆக்டின், எச்எஸ்பி70 மூன்றும் எந்த மணியிலும் ஒட்டும். வெறும் மணியோடு ஒப்பிட்டால் போதாது. சாற்றில் முன்கூட்டியே கட்டற்ற மருந்தைப் பல செறிவுகளில் போட்டுவிட்டு மணியை விடுங்கள். மருந்து கூடக் கூட மணியில் குறைந்துகொண்டே வரும் புரதம் மட்டுமே கணக்கில் வரும்.

9. பட்டியலைச் சுருக்கி, ஒன்றை நிரூபிப்பது

இப்போது கையில் இருபது முப்பது பெயர்கள் இருக்கும். செயலற்ற இணைச் சேர்மத்திலும் வந்ததை அடியுங்கள். அடுத்து, ஒட்டும் செறிவையும் கொல்லும் செறிவையும் பக்கத்தில் வையுங்கள். செல் 50 நானோமோலாரில் சாகிறது, புரதம் 10 மைக்ரோமோலாரில்தான் ஒட்டுகிறது என்றால் அந்தப் புரதத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு அழகான வளைகோடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கைனேஸ் மருந்தில் ஃபெரோகெலடேஸ் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். அந்த வகை மருந்துகள் பலவற்றில் அது வரும். பக்கவிளைவுக் கேள்விக்கு மட்டும் அது முக்கியம்.

மிஞ்சும் இரண்டு மூன்றை 4ஆம் படி போலவே நீக்கிப் பாருங்கள். நீக்கினால் செல்லே செத்துவிடுகிறது என்றால், அது நீங்கள் தேடும் இலக்காக இருக்கவும் கூடும். அங்கே வேறு வழி வேண்டும்: மருந்துக்கு அடங்காத செல்களை வளர்த்தெடுப்பது. எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுச் செல்லில் டிஎன்ஏ பிழைதிருத்தம் குறைபாடானது, பிறழ்வுகள் அதிகம் வரும், அதனால் இதற்கு ஏற்றது. கொல்லும் செறிவில் வைத்து, பிழைத்த தனித்தனிக் காலனிகளின் மரபணுக்களைப் படியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காலனிகளில் ஒரே மரபணு மாறியிருந்தால் பிடி கிடைத்துவிட்டது.

அதற்கு முன் ஒரு சோதனை: பிழைத்த செல்லுக்குச் சம்பந்தமே இல்லாத பாக்லிடாக்செல் கொடுங்கள். அதையும் தாங்கினால் செல் மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைகோபுரதத்தைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலனியால் பயனில்லை.

பிறகு அந்த ஒரே பிறழ்வை மருந்தையே பார்க்காத புதிய செல்லில் கிரிஸ்பரால் வையுங்கள். அதுவும் மருந்தைத் தாங்கினால் இலக்கு நிரூபணமாகிவிட்டது. ஓடிஎஸ்964க்குச் சிடிகே11ஐ இப்படித்தான் உறுதி செய்தார்கள், மாறியது ஒரே அமினோ அமிலம். இமாடினிப்புக்கு ஏபிஎல்லில் 315ஆம் இடத்துத் திரியோனின் ஐசோலூசினாக மாறுவதும் இதே வகைச் சான்று.

10. எதுவுமே கிடைக்காவிட்டால்

7, 8ஆம் படிகள் புரதத்தை மட்டுமே பார்க்கும். மருந்து டிஎன்ஏவுக்குள் நுழைவதாக இருக்கலாம், சவ்வின் கொழுப்பைக் குலைப்பதாக இருக்கலாம். அப்போது மரபணு வழிக்கே திரும்புங்கள். முழு மரபணுத் தொகுதிக்குமான கிரிஸ்பர் நூலகத்தைச் செல்களில் ஏற்றி, மருந்தைக் கொடுத்து, எந்த மரபணு போனால் செல் பிழைக்கிறது, எது போனால் சீக்கிரம் சாகிறது என்று எண்ணுங்கள். இலக்கு நேரடியாக வராவிட்டாலும் பாதை தெரியும். டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணுக்கள் கூட்டமாக வந்தால் டிஎன்ஏ உடைந்ததைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் சாயமிட்டுப் பாருங்கள். நுண்குழல் மரபணுக்கள் வந்தால் டியூபுலின் சாயமிட்டு நுண்ணோக்கியில் வையுங்கள், ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.